வேலை இல்லாதவர்களின் சந்து

எங்கள் முற்றத்தில் முளை அடித்தபோது நான் வீட்டில் இல்லை. தெங்கேராவில் மீன்காரர்களுக்கு இடியப்பம் கொடுத்துவிட்டு வெறுங்கூடையோடு திரும்பி வந்தேன். அரிசி காயப் போட்டிருந்த பாயை யாரோ பாதியாக மடித்து ஒதுக்கியிருந்தார்கள். பாய் கிடந்த இடத்துக்கு நடுவில், என் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரமுளை நின்றது. தலையில் சிவப்புச் சாயம். மடிந்த பாயின்மேல் ஒரு கோழி ஏறி நின்று ஈர அரிசியைக் கொத்திக்கொண்டிருந்தது.

முதலில் கோழியை விரட்டினேன். பிறகு முளையைப் பிடுங்கினேன்.

இப்போது சொல்லும்போது இது ஏதோ வீரம்போலத் தோன்றலாம். அப்படி ஒன்றுமில்லை. ஊறவைத்த அரிசி அன்றைய வெயிலில் உலராவிட்டால் மறுநாள் மாவு சரியாக வராது. அவ்வளவுதான் காரணம். ஆனால் அது அரசாங்கத்து முளை என்று தெரிந்த பிறகும் நான் அதைத் திரும்ப நட்டுவைக்கவில்லை. அதற்குக் காரணம் வேறு.

மலாக்காவின் காஜா பெராங்கில் பெரிய சாலையை விட்டு உள்ளே இறங்கும் மண் சந்து எங்களுடையது. இருபுறமும் பலகை வீடுகள். கூரை பெரும்பாலும் ஓலை, சிலவற்றுக்குத் தகரம். சந்து முடியும் இடத்தில் ஒரு சதுப்பு வெளி, அதன் ஓரத்திலும் சில குடிசைகள். நிலம் முழுவதும் ஒரு மலாக்காச் செட்டி அம்மாவுக்குச் சொந்தம். பழைய காலத்தில் வணிகம் செய்ய வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர் வழி. கெபாயா சட்டையும் கைலியும் உடுத்துவார். மாரியம்மன் கோயிலுக்கு எங்களுக்கு முன்னால் வந்து நிற்பார். ஆனால் தமிழ் பேச வராது. அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பேசுவது ஒரு தனி மலாய். அதில் நம்முடைய மாமியும் அக்காவும் நடுவில் தலைகாட்டும். நான் அவரை மாமி என்பேன். எனக்கு நல்ல மலாய் வந்தது அவரிடம் பேசிப் பேசித்தான்.

நான் இடியப்பம் பிழிந்து விற்றேன். எதிர்வீட்டு அக்கா சலவை செய்தார். ஆபீஸ்காரர்களின் வெள்ளைச் சட்டைகள் அவர் வீட்டுக் கொடியில் எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும். சதுப்போரக் குடிசையில் இருந்தவள் அம்மியில் மசாலா அரைத்து, வாழையிலையில் பொட்டலம் கட்டி, பசாருக்கு எடுத்துப் போவாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு, கல்யாணமாகி ஒரே சந்துக்கு வந்தவர்கள்.

முளை அடித்தவர்கள் இரண்டு நாளில் திரும்பி வந்தார்கள். முன்னால் வந்தவர் ஒரு தமிழர். செமாபோக்கில் வீடு, திட்ட ஆபீசில் உதவியாளர் வேலை. வெள்ளைக் காற்சட்டையில் சேறு படாமல் தாண்டித் தாண்டி நடந்து வந்தார்.

“மொளைய யாரு புடுங்குனது?”

“நான்தான்.”

“அது கவர்மெண்டு மொளைங்க. புடுங்கக் கூடாது.”

“அது நான் அரிசி காயப்போடுற எடம். நடக் கூடாது.”

அவர் கோபப்படவில்லை. நல்ல மனிதர். வாசற்படியில் உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னார். மெர்டேக்கா வந்துவிட்டது, நாடு சுதந்திரமாகிவிட்டது. ஊர் பெருகப்போகிறது. எங்கே வீடு கட்டுவது, எங்கே தொழிற்சாலை வைப்பது என்று மாவட்டம் முழுவதற்கும் ஒரு திட்டம் போடுகிறார்கள். எங்கள் சந்தும் பின்னாலிருக்கும் சதுப்பு வெளியும் தொழிலுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மர ஆலை, ஐஸ் ஆலை, கிடங்குகள் எல்லாம் வரும். எங்களுக்குப் புக்கிட் காதில் என்ற இடத்தில் புது வீடு கிடைக்கும். கல் வீடு, குழாய்த் தண்ணீர்.

“வீட்டுக்காரரு என்ன வேலை?” என்று கேட்டார்.

“ரோடு போடுறதுல இருக்காரு. ரோலர் ஓட்டுறாரு.”

எழுதிக்கொண்டு எழுந்தார்.

“என்னைக் கேக்கலியே?”

“நீங்க வீட்டுலதானேங்க இருக்கீங்க?”

என் பின்னால் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. மூங்கில் தட்டுகள் கழுவிச் சுவரில் சாய்ந்திருந்தன. என் உள்ளங்கையில் அச்சுக் கட்டையின் காய்ப்பு. “காலையில எங்க பசியாறுனீங்க?” என்று கேட்டேன். டவுனில் ஒரு காப்பிக்கடையைச் சொன்னார். நான் அன்றாடம் இடியப்பம் போடும் கடை அது. சொன்னேன். அவர் முகம் சற்றுச் சிவந்தது. “அதெல்லாம் வேலைன்னு போடுறதுக்கு இதுல எடமில்லைங்க” என்றார்.

எதிர்வீட்டிலும் அதே கேள்விதான். சலவை அக்காவின் கணவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். வேலை செய்கிறவர் யாருமில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். சந்து முழுக்கக் கேட்டு முடித்தபோது, எங்களில் பாதிப் பேர் வேலையே இல்லாதவர்கள் ஆகிவிட்டோம்.

சாயங்காலம் என் கணவர் வந்தபோதே விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. சைக்கிளைக்கூடச் சுவரில் சாய்க்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

“ஏ புள்ள, மொளைய நீதான் புடுங்குனியா?”

“ஆமா.”

“அந்த ஆபீசும் எனக்குச் சம்பளம் குடுக்குற ஆபீசும் ஒரே கட்டடம். தெரியுமா? மேல் மாடியில அவுங்க, கீழ நாங்க.”

“மாடியில இருந்து பாத்தா நாம தெரிய மாட்டோம்போல.”

“வெளையாடாத.”

“நான் வெளையாடலைங்க.”

அவர் அதிர்ந்து பேசாதவர். கங்காணியின் பிரம்புக்குக் கீழே வளர்ந்தவர். காற்சட்டை போட்டவர் யார் வந்தாலும் எழுந்து நிற்பார், நாற்காலி காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். அது எனக்குப் பிடிக்காது. பலமுறை சொல்லியும் இருக்கிறேன். அன்றைக்கும் சொன்னேன். அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, “வா, அந்த வீட்ட ஒருக்கா பாத்துட்டு வருவோம்” என்றார். மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். இறங்கி வெகுதூரம் நடந்தோம். இரு பக்கமும் ரப்பர். மரங்களை வெட்டிய ஒரு மேட்டில் மாதிரிக்கு என்று வரிசையாகக் கொஞ்சம் வீடுகள் கட்டியிருந்தார்கள்.

வீடு நன்றாகவே இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். வெள்ளையடித்த சுவர், சிமெண்டுத் தரை, தாழ்ப்பாளோடு கதவு. குழாயைத் திறந்தேன், தண்ணீர் கொட்டியது. இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன். என் கணவர் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அறை அறையாகப் போனார். தோட்டத்து லயத்தில், ஒரே அறையில், அடுத்த வீட்டு இருமல்கூடக் கேட்கும் பலகைத் தடுப்புக்கு நடுவில் பிறந்தவர் அவர். மகளை இறக்கிவிட்டு, “ஓடு” என்றார். அவள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு ஓடினாள். அவர் முகத்தைப் பார்த்தேன். சரி என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது.

வெளியே வந்து அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனாரிடம் முதல் பஸ் எப்போது என்று கேட்டேன். வெயில் ஏறித்தான் வரும் என்றார். அதற்குள் ஊர் பசியாறி முடித்துக் கடையைக் கழுவிவிட்டிருக்கும். விடிவதற்கு முன் ஆவி பறக்கக் கொண்டுபோக வேண்டிய பொருளை வெயில் ஏறிய பிறகு யாரிடம் விற்பது? இந்த மேட்டில் யார் வாங்குவார்கள்? இங்கே ஒரு கடை உண்டா, பசார் உண்டா, சட்டை வெளுக்கக் கொடுக்கும் ஆபீஸ்காரர் உண்டா? தூங்குவதற்கு ஓர் இடம் போட்டிருக்கிறார்கள். வேலைக்கு இன்னோர் இடம் போட்டிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே செய்கிறவர்களை அவர்கள் யோசிக்கவே இல்லை.

“எனக்கு வேணாங்க” என்றேன்.

“என் சம்பளம் இருக்குல்ல.”

“உங்க சம்பளத்துல உக்காந்து சாப்புடத்தான் நான் இத்தன வருஷம் மாவு இடிச்சேனா?”

திரும்பி வரும்போது பஸ்சில் அவர் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரிடமிருந்து ஒன்றைப் பறித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆட்சேபம் உள்ளவர்கள் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்து சொல்லலாம் என்று தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எழுதி ஒட்டினார்கள். அன்று மத்தியானம் பெண்கள் எல்லாரும் மாமி வீட்டு முன்கூடத்தில் கூடினோம். நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டால் அதற்கான பணம் மாமிக்குக் கிடைக்கும். அவர் என்ன சொல்வாரோ என்று எங்களுக்குப் பயம். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே எல்லாம் கேட்டார். கடைசியில் இரண்டே சொல் சொன்னார்: “தா மாவு.”

மலாயில் அதற்கு ‘மாட்டேன்’ என்று பொருள். மசாலாக்காரி என் பக்கம் திரும்பி, “ஒன்கிட்டதான் மாவு கேக்குறாங்க, எடுத்துக் குடுடி” என்றாள். கூடமே சிரித்தது. மாமிக்கு விளங்கவில்லை, நான் விளக்கியதும் அவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதன்பிறகு சந்தில் யார் யாரைப் பார்த்தாலும் வணக்கத்துக்குப் பதிலாகத் ‘தா மாவு’தான்.

யோசனை சொன்னது சலவை அக்கா. “நமக்கு வேலை இல்லன்னுதானே எழுதிட்டுப் போனாங்க? சரி. கூட்டத்துக்கு மொத நாளு வேலை இல்லாம இருந்து பாப்போமே.”

அப்படியே இருந்தோம். அன்று காலை சந்தில் ஒரு அடுப்பும் புகையவில்லை. நான் வழக்கமான நேரத்துக்கு விழித்துவிட்டு, கைக்கு வேலையில்லாமல் படியில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு அக்கா, ஆபீஸ்காரர்களின் சட்டைகளை வெளுக்காமல் மூட்டையாகவே வைத்துவிட்டு, தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். மசாலாக்காரியின் அம்மி காய்ந்து கிடந்தது. அந்தச் சந்து அவ்வளவு அமைதியாக இருந்து நான் கண்டதே இல்லை. உள்ளுக்குள் பயமாகக்கூட இருந்தது. நாங்கள் இல்லாவிட்டால் ஊருக்கு ஒன்றுமே குறையாதோ என்ற பயம்.

வெயில் வந்த கொஞ்ச நேரத்தில் ஒரு திரிஷா வண்டி சந்துக்குள் வந்தது. அதிலிருந்து இறங்கியவர் காப்பிக்கடைக்காரர். தமிழ் முஸ்லிம், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். கடையை விட்டு அவர் அந்த நேரத்தில் நகர்ந்து யாரும் பார்த்ததில்லை.

“என்ன தங்கச்சி, ஒடம்பு சரியில்லியா? கடையில ஆளுங்க மேசையத் தட்டுறாங்க. பசாருல மசாலாவும் இல்லேங்குறான்.”

“ஒடம்பு நல்லாத்தான் இருக்கு நானா. எங்களுக்கெல்லாம் வேலை இல்லையாம். கவர்மெண்டுல எழுதிட்டுப் போயிருக்காங்க.”

அவருக்கு விளங்கவில்லை. உட்காரவைத்து முழுவதும் சொன்னேன். கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். “அந்த ஆபீசு தம்பிதான் இப்ப முன் மேசையில உக்காந்திருக்காப்புல. வெறும் காப்பி குடிக்கிறாரு. நான் போயி சொல்றேன்.”

“நீங்க நாளைக்கு மண்டபத்துக்கு வாங்க நானா. அங்க சொல்லுங்க.”

வந்தார். தெங்கேரா மீன்காரர்களும் வந்தார்கள், பசாரிலிருந்து இரண்டு சீனக் கடைக்காரர்களும் வந்தார்கள். மண்டபச் சுவரில் பெரிய வரைபடம் தொங்கியது. வீடுகளுக்கு மஞ்சள், தொழிலுக்கு ஊதா. எங்கள் சந்து ஊதாவுக்குள் கிடந்தது. மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை. சுதந்திரம் வந்த பிறகும் ஊருக்குப் போகாமல் வேலையில் இருந்தவர். வியர்த்து, களைத்து, யாருக்கும் தீங்கு நினைக்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நம் உதவியாளர்.

என் முறை வந்தபோது தமிழில் பேசினேன். அரிசி கழுவுவது முதல் கடைக்குப் போவது வரை சொன்னேன். எதிர்வீட்டு அக்கா வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டே அவருக்கு வேலை இல்லை என்று எழுதினார்களே, அதையும் சொன்னேன். உதவியாளர் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நான் படியால் அளந்ததை அவர் கைப்பிடியால் கொடுக்கிறார் என்பது தெரிந்தது. துரை அனுதாபமாகத் தலையாட்டிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்.

நான் உட்காரவில்லை. துரைக்கு மலாய் தெரியும் என்று மாமி சொல்லியிருந்தார். மேசைக்கு அருகில் போனேன்.

“துவான், சீனி தீடோர், சீனி கெர்ஜா” என்றேன். ஐயா, இங்கேதான் தூங்குகிறோம், இங்கேதான் வேலை செய்கிறோம். “இரண்டையும் பிரித்து இரண்டு சாயம் பூசியிருக்கிறீர்கள். நான் எந்தச் சாயத்தில் இருக்க வேண்டும்?”

துரை நிமிர்ந்தார். மலாயிலேயே நிதானமாகப் பதில் சொன்னார். ஆலைகள் வந்தால் நிறையப் பேருக்கு வேலை கிடைக்கும், உன் பிள்ளைகளுக்கும் கிடைக்கும், அதை வேண்டாம் என்கிறாயா என்று கேட்டார். நியாயமான கேள்வி.

“வேண்டாம் என்று சொல்லவில்லை துவான். வரட்டும். இருக்கும் வேலையை அழித்துவிட்டுத்தான் புது வேலை வர வேண்டுமா?”

“எல்லாரும் என் வீட்டுப் பக்கம் வேண்டாம் என்கிறார்கள். அப்படியென்றால் ஆலையை எங்கே வைப்பது?”

“அதைக் கண்டுபிடிக்கத்தானே துவானுக்கு ஆபீசும் மின்விசிறியும் கொடுத்திருக்கிறார்கள்.”

மண்டபம் சிரித்தது. துரையும் உதட்டோரம் சிரித்ததுபோல் இருந்தது. ஆனால் அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மூத்த குமாஸ்தா சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்துகொண்டு உரக்கக் கேட்டார்: “இந்தப் பொம்பளை யாரு வீட்டுப் பொம்பளை?”

நான் சொல்லவில்லை. சொன்னால் கீழ் மாடிக்கு, என் கணவரின் ஆபீசுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

பின்னாலிருந்து குரல் வந்தது. “என் வீட்டுப் பொம்பளைங்க.”

திரும்பினேன். கடைசி வரிசையில், தார் படிந்த வேலைச் சட்டையோடு என் கணவர் நின்றுகொண்டிருந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். தன் பெயரைச் சொன்னார். எந்தப் பிரிவில் வேலை என்றும் சொன்னார். அதோடு நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் பயந்துகொண்டுதான் உட்கார்ந்தார். நான் இந்த மனிதரை என்னென்னவோ சொல்லித் திட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு மாமி எழுந்து நிலம் தருவதாக இல்லை என்றார். நானா எழுந்து தன் கடையைப் பற்றிச் சொன்னார். மீன்காரர்கள் பேசினார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள்.

பல மாதம் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த முதல் விஷயம் என் கணவருக்கு வந்த மாற்றல். ஜாசினுக்கும் அப்பால் புதிதாகப் போடும் ரோட்டுக்கு அனுப்பினார்கள். காரணம் சொல்லவில்லை. அங்கேயே கொட்டகையில் தங்கி, சனிக்கிழமை பின்னேரம் மட்டும் வீட்டுக்கு வந்துபோனார். “போன எடத்துலயும் ரோடுதானே” என்பார். ஒரே ஒரு தடவை, மகள் அவரைக் கண்டு கூச்சப்பட்டு என் பின்னால் ஒளிந்தபோது, “ஒன் இடியப்பத்துக்கு நான் குடுத்த வெலை இது” என்றார். நான் மகளின் கையைப் பிடித்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

பிறகு உதவியாளர் ஒருநாள் வந்தார். திட்டம் திருத்தப்பட்டுவிட்டது. மர ஆலை வேறு பக்கம் போகிறது. ஆனால் சதுப்பு வெளியை விடமாட்டார்கள். அங்கே கிடங்கும் பட்டறையும் வரும். சதுப்போரக் குடிசைகள் போகும். முன்பக்கத்துச் சந்து இருக்கலாம்.

மசாலாக்காரியின் குடும்பம் புக்கிட் காதிலுக்குப் போயிற்று. லாரியில் சாமான் ஏற்றும்போது அம்மியைத் தூக்க நானும் கை கொடுத்தேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள்.

“நீ பேசுன. ஒன் வீடு நின்னுச்சு. எனக்கும் சேத்து நீ பேசலியேடி.”

எல்லாருக்கும்தான் பேசினேன் என்று சொல்லலாம். அன்று மண்டபத்தில் நான் சொன்னது முழுக்க என் அடுப்பைப் பற்றியும் எதிர்வீட்டுக் கொடியைப் பற்றியும்தான் என்று அவளுக்கு நினைவிருந்தது. கொஞ்ச நாள் கழித்துப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்தாள், தண்ணீர் கொடுத்தாள், பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அந்த மேட்டில் வாங்குவார் இல்லாமல் அம்மியைச் சுவரோரம் சாத்திவைத்திருந்தாள். திரும்பும்போது நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. மறு மாதம் நானும் மாமியும் நானாவும் ஆபீசுக்குப் போய், அந்த வீடுகளுக்குக் காலை பஸ் வேண்டும் என்று கேட்டோம். வரும் வரை கேட்டோம். வந்த பிறகு அவள் பசாருக்கு மசாலா கொண்டுவரத் தொடங்கினாள். அங்கே நான் கூடை வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர் வரிசையில் உட்கார்ந்தாள். அதுவே போதும் என்றிருந்தது.

சந்து இருக்கலாம் என்று சொன்ன அன்றே உதவியாளர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். “தற்காலிகமாத்தாங்க. அப்படித்தான் முடிவு.”

“எத்தன நாளைக்கு?”

“அது அதுல இல்லீங்க.”

அடுத்த சனிக்கிழமை என் கணவர் வந்ததும், முற்றத்துக்குச் சிமெண்டு போட்டுத் தர வேண்டும் என்றேன். என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. அந்த வேலை அவருக்குக் கைவந்தது. உடைகல் பரப்பி, தண்ணீர் விட்டு, திமுசுக் கட்டையால் இடித்து, ரோட்டுக்குப் போடுவதுபோல மட்டம் பார்த்துப் போட்டார். சில சனிக்கிழமைகள் பிடித்தன. எதிர்வீட்டு அக்கா மணல் சலித்தார். மகள் கல் பொறுக்கினாள். அப்பாவிடம் அவளுக்கிருந்த கூச்சம் அந்த வேலையில்தான் போயிற்று.

கடைசிப் பகுதியைப் பூசிக்கொண்டிருந்தபோது உதவியாளர் சந்து வழியாகப் போனார். நின்று பார்த்தார்.

“என்னக்கா இது? தற்காலிகம்னு சொன்னேனே.”

“சிமெண்டும் தற்காலிகந்தாங்க. நூறு வருஷம் போனா வெடிச்சுடும்.”

குந்தியிருந்த என் கணவர் சிரித்தார். ஒரு ஆபீஸ்காரர் முன்னால் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எழுந்து நிற்கவும் இல்லை. கொத்துக்கரண்டியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, ஈரச் சிமெண்டில் கால் வைக்காமல் சுற்றிப் போகும்படி அவருக்குக் கை காட்டினார். உதவியாளர் காற்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கிச் சுற்றிப் போனார்.